பொன்னும் ஹொன்னும் பவுனும்

முன்னுரை

நான் தமிழாசிரியன் அல்லன். கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் பாத்திரக்கடை வைத்துப் பிழைத்தவன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. எங்கள் தமிழ்ச் சமணர் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு கடை அடைக்கும் வரை கல்லாப்பெட்டிப் பக்கத்தில் ஒரு புத்தகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாற்பது வருடமாக அப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்ததுதான் என் படிப்பு. குற்றம் குறை இருந்தால் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

மலர்க்குழுவினர், "நயினார், நம்ம ஊரைப் பத்தி ஏதாச்சும் எழுதுங்க" என்று கேட்டார்கள். சுரங்கத்தின் வரலாற்றை எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டேன். ஓர் உயிர்மெய், ஓர் ஒற்று, இரண்டே எழுத்து: பொன். இந்தச் சொல்லைப் பற்றி நான் இருபது வருடம் ஒரு தப்பான கருத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதைத் திருத்திக்கொண்ட கதையும் இதில் வருகிறது.

மூடிய கடைக்குள் நடந்த பாடம்

1991 டிசம்பர் மாதத்தை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் கலவரம் மூண்டது. தங்கவயலில் நாங்கள் எண்ணிக்கையில் அதிகம்தான். ஆனாலும் வயிற்றில் புளியைக் கரைத்தது. கடைக்கதவைப் பாதி இறக்கிவைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கடை ஜவுளி வியாபாரி கன்னடக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். நான் அவரை ஷெட்டரே என்பேன், அவர் என்னை நயினாரே என்பார். அன்று அவர் தன் கடையைப் பூட்டிவிட்டு ஒரு ஸ்டூலை எடுத்துவந்து என் கடை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரும் கேட்கவில்லை, அவரும் விளக்கம் சொல்லவில்லை. மூன்று நாள் அப்படியே நடந்தது.

சும்மா உட்கார்ந்திருந்தால் பொழுது போகுமா? என் கையில் திருக்குறள் இருந்தது. "ஏன் நயினாரே, அதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். தவத்தைப் பற்றிய அதிகாரத்தில் 267-ஆம் குறளைப் படித்துக் காட்டினேன். நெருப்பில் சுடச்சுடப் பொன் எப்படி ஒளி கூடுமோ அப்படித் துன்பம் வருத்த வருத்தத் தவமுடையாருக்கு அறிவு ஒளி கூடும் என்பது பொருள். அவர் ஒரு சொல்லில் நின்றுவிட்டார். "பொன்னா? அது நம்ம ஹொன்னு அல்லவா! எங்க அம்மா பேரு ஹொன்னம்மா" என்றார்.

அன்று கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு எழுத ஆரம்பித்தோம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் கன்னடம். பால், ஹாலு. பத்து, ஹத்து. பூ, ஹூ. புலி, ஹுலி. பல், ஹல்லு. பெண், ஹெண்ணு. பணம், ஹண. பாடு, ஹாடு. பிடி, ஹிடி. பெயர், ஹெசரு. பள்ளி, ஹள்ளி. சாயங்காலத்துக்குள் பக்கம் நிறைந்துவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. ஒன்றிரண்டு சொல் ஒத்துப்போனால் தற்செயல் எனலாம். இத்தனை சொல்லிலும் முதலில் நின்ற ப ஒழுங்காக ஹ ஆகியிருக்கிறதே!

பகரம் ஹகரமான கதை

பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழங்கன்னடத்திலும் இந்தச் சொல் பொன் என்றுதான் இருந்தது. சுமார் 10-ஆம் நூற்றாண்டில் சொல்லின் தலையில் நிற்கும் பகரம் மெல்ல ஹகரமாக ஆரம்பித்தது. 13-ஆம் நூற்றாண்டில் கேசிராஜன் 'சப்தமணிதர்ப்பணம்' என்ற கன்னட இலக்கணத்தை எழுதிய காலத்தில் இரண்டு வடிவமும் வழக்கில் இருந்தன. அடுத்த நூறு வருடத்துக்குள் ஹகரமே நிலைத்துவிட்டது.

இதற்கு இரண்டு மக்கள் பெயரே சான்று. கன்னட இலக்கியத்தில் மும்மணிகள் என்று போற்றப்படுபவர்கள் பம்பன், பொன்னன், ரன்னன். மூவருமே சமணர்கள் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெருமை. நடுவில் நிற்கும் பொன்னன் 10-ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் ஆதரவில் வாழ்ந்து, பதினாறாம் தீர்த்தங்கரர் சாந்திநாதரின் வரலாற்றைச் 'சாந்திபுராணம்' என்று பாடியவர். அவர் பெயரில் பகரம் அப்படியே இருக்கிறது. அங்கிருந்து எழுநூறு வருடம் தள்ளி வாருங்கள். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூர் சிக்கதேவராஜ உடையார் அரண்மனையில் வெற்றிலைப்பை ஏந்தும் பணியில் இருந்த ஒரு பெண் 'ஹதிபதெய தர்ம' என்ற காவியத்தைப் பாடினார். அவர் பெயர் சஞ்சி ஹொன்னம்மா. பொன்னனுக்கும் ஹொன்னம்மாவுக்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்து நகர்ந்திருக்கிறது.

நம் பெரியவர்களுக்கு ஹொன்னப்ப பாகவதரைத் தெரியும். 1945-இல் வந்த 'பர்மா ராணி' போன்ற தமிழ்ப் படங்களில் நடித்தவர், கன்னட மண்ணில் பிறந்தவர். அவர் நம் பக்கம் பிறந்திருந்தால் பொன்னப்பர். குடகிலோ இன்றைக்கும் பொன்னப்பா, பொன்னம்மா என்றே பெயர் வைக்கிறார்கள். குடகு மொழியும் மலையாளமும் பகரத்தை விடவில்லை. தெலுங்கின் பழைய நூல்களிலும் பொன்னு உண்டு. இன்று அங்கே பங்காரம் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. நம் ஜங்ஷன் பெயரையே பாருங்களேன். 1860-களில் மைசூர்க் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் பௌரிங்பேட்டை என்று இருந்த ஊர், பிற்பாடு பங்காரப்பேட்டை ஆகிவிட்டது. பொன்னுக்கான வேறொரு சொல் அதன் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த விதிக்கு விலக்கும் ஒழுங்காகவே இருக்கிறது. சொல்லின் நடுவில் இரட்டித்து நிற்கும் பகரம் மாறுவதில்லை. உப்பு கன்னடத்திலும் உப்புதான், அப்பா அங்கே அப்பதான். மாற்றம் நடந்து முடிந்த பிறகு வேறு மொழியிலிருந்து வந்த சொற்களும் அதற்கு முன்பே வந்து நூல்வழக்கில் காக்கப்பட்ட வடசொற்களும் பகரத்தை இழக்கவில்லை. பூ ஹூ ஆனது, ஆனால் பூஜை ஹூஜை ஆகவில்லை. பூஜெ என்றே இருக்கிறது. இந்தக் குறிப்பை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் பெரிய உதவி செய்யப்போகிறது.

ஹொன் வடக்கே போன வழி

பொன் என்பது உலோகத்தின் பெயராக மட்டும் இல்லாமல் நாணயத்தின் பெயராகவும் ஆயிற்று. கன்னட நாட்டில் ஹொன் என்றால் பொற்காசு. தமிழில் நாம் வராகன் என்று சொன்னதும், ஆங்கிலேயர் பகோடா என்று எழுதியதும் இந்த வகைக் காசுதான். எடை மூன்றரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. கிருஷ்ணா நதியைத் தாண்டியதும் மராத்தியர் இதை ஹோன் என்றார்கள். 1674-இல் சத்ரபதி சிவாஜி ராய்கட் கோட்டையில் முடிசூடிக்கொண்டபோது தன் பெயரில் வெளியிட்ட பொற்காசு சிவராயி ஹோன். தக்காணத்துச் சுல்தான்களின் பாரசீகக் கணக்குகளில் அதுவே ஹூன் ஆயிற்று. அங்கிருந்து ஆங்கில அகராதிகளிலும் ஏறிவிட்டது.

ஆக, பொன், ஹொன், ஹோன், ஹூன். ஒவ்வொரு எல்லையிலும் ஒரு சட்டையைக் கழற்றி இன்னொன்று போட்டுக்கொண்டு போயிருக்கிறது. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் சிலையின் காலடியில், 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைச் செய்வித்த சாமுண்டராயரின் பெயர் கன்னடத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மராத்தி எழுத்தும் அங்கே உண்டு. அந்த மூன்று மொழிக்காரரும் பொற்காசுக்கு ஒரே சொல்லின் மூன்று வடிவத்தைச் சொன்னவர்கள் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் அந்தப் படிகளை ஏறுவேன். மூச்சு வாங்குவது கொஞ்சம் குறையும்!

பொன் என்றால் தங்கம் மட்டும்தானா?

நான் தங்கம் விற்றவன் அல்லன். பித்தளை, வெண்கலம், செம்பு, அப்புறம் எவர்சில்வர். தங்கவயலில் இருந்துகொண்டு தங்கம் விற்காத வியாபாரி என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில், "நானும் பொன்தான் விற்கிறேன்."

விளையாட்டுப் பேச்சு அல்ல. பழந்தமிழில் பொன் என்பது பொதுவாக உலோகத்துக்குப் பெயர். ஐம்பொன் என்கிறோமே, அதில் தங்கம், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என்று ஐந்தும் பொன் எனப்படுகின்றன. வெண்பொன் என்றால் வெள்ளி, கரும்பொன் என்றால் இரும்பு. சூதாட்டத்தைக் கடியும் 931-ஆம் குறளில் தூண்டில் முள்ளையும் வள்ளுவர் பொன் என்றே சொல்கிறார். முதலில் கிடைக்கும் வெற்றி, மீன் விழுங்கும் தூண்டில் இரும்பைப் போன்றது என்பது கருத்து. தங்கத்தால் தூண்டில் செய்வார் உண்டோ? அங்கே பொன் என்பதற்கு இரும்பு என்றுதான் உரையாசிரியர்கள் பொருள் கண்டார்கள். உலோகங்களில் தலைசிறந்ததற்கே பொதுப்பெயர் நாளடைவில் உரிமையாகிவிட்டது. சோழர் கல்வெட்டுகளில் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நிறுத்துக் கொடுத்த பொன் எல்லாம் தங்கமே.

என் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பொன்னூர் மலை இருக்கிறது. ஆசாரிய குந்தகுந்தர் தவம் செய்த இடம் என்று எங்கள் மரபு போற்றும் மலை அது. அவருடைய 'சமயசார'த்தில் ஓர் உவமை வருகிறது. இரும்பு விலங்கும் மனிதனைக் கட்டுகிறது, பொன் விலங்கும் கட்டுகிறது. தீவினை இரும்பு விலங்கு, நல்வினை பொன் விலங்கு, விடுதலை வேண்டுவோருக்கு இரண்டும் தளைதான் என்கிறார். பிராகிருதத்தில் அவர் இரண்டு சொல் வைத்தார். பழந்தமிழ்க்காரன் ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லியிருப்பான், கரும்பொன், செம்பொன் என்று.

மேல்நாட்டுப் புலவர்களும் இந்த மயக்கத்தைப் பாடியிருக்கிறார்கள். இலத்தீன் மொழியில் தங்கத்துக்கு அவுரும் என்று பெயர். நம் சுரங்க ஆபீஸ் பரிசோதனைக் கூடத்தில் 'ஏ யூ' என்று எழுதினார்களே, அந்த இரண்டு எழுத்து அவுரும் என்பதன் தலைப்பெழுத்துகள். இலத்தீன் மகாகவி வெர்ஜில் தன் 'ஈனிட்' காவியத்தின் மூன்றாம் பகுதியில், தங்கத்துக்காக ஒரு விருந்தாளி கொல்லப்பட்டதைச் சொல்லி, தங்கப்பசி மனிதனை எதற்குத்தான் தூண்டாது என்று நொந்துகொள்கிறார். இத்தாலியில் அவுரும் தேய்ந்து ஓரோ ஆயிற்று. வெர்ஜில் சொன்ன அதே இடத்தைத் தாந்தே 14-ஆம் நூற்றாண்டில் இத்தாலி மொழியில் எடுத்தாண்டிருக்கிறார். ஆங்கிலத்தின் கோல்டு வேறு வேரில் முளைத்தது, மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் வேர். ஆனால் கருத்து மாறவில்லை. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் தங்கம், வெள்ளி, ஈயம் என்று மூன்று பேழைகள். தங்கப் பேழையைத் திறந்தவனுக்கு மண்டையோடுதான் கிடைத்தது. ஈயத்தில்தான் மணமகளின் படம் இருந்தது. ஈயமும் ஐம்பொன்னில் ஒன்று என்பதை நாம் நினைவில் கொள்ளலாம்.

நான் செய்த தவறு

இப்போது என் தப்புக்கு வருகிறேன். நகைக்கடையில் 'ஒரு பவுன்' என்கிறோம். எட்டுக் கிராம். பவுன் என்பது பொன் என்பதன் திரிபு என்று நான் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒலி ஒன்று, பொருளும் ஒன்று, வேறென்ன சாட்சி வேண்டும்? ஒரு சங்கக் கூட்டத்தில் மேடையேறியே பேசினேன். கைதட்டினார்கள்.

சுரங்க ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்தியர் ஒருவர் என் கடைக்கு வருவது வழக்கம். ஒருநாள் இதை அவரிடமும் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, நம் தமிழிலேயே சொன்னார்: "இல்ல நயினார். அது எங்க ஊரு பவுண்டு. ராணி தலை போட்ட காசு."

அவர் சொன்னதே சரி. பிரிட்டிஷாரின் ஒரு பவுண்டு மதிப்புள்ள தங்கக் காசுக்கு ஸாவரின் என்று பெயர். எடை ஏறக்குறைய 7.99 கிராம், 22 காரட். 1918-இல் அந்தக் காசைப் பம்பாயிலேயே அடித்தார்கள். ஸாவரின் நம் வாயில் சவரன் ஆயிற்று, பவுண்டு பவுன் ஆயிற்று. அந்தக் காசின் எடையைத்தான் நகைக்கடைக்காரர்கள் எட்டுக் கிராம் என்று முழுமையாக்கி வைத்திருக்கிறார்கள். பவுன் நமக்குப் பழகியது ஆங்கிலேயர் நாணயத்தோடுதான். நம் சொல்லாக இருந்தால் கழஞ்சோடு சேர்ந்து சோழர் கல்வெட்டில் அல்லவா கிடந்திருக்க வேண்டும்!

அந்தப் பவுண்டு எங்கிருந்து வந்தது? அதுவும் ஆங்கிலேயன் வீட்டுச் சொல் அல்ல, இலத்தீனிலிருந்து கடன் வாங்கியது. ரோமானியர் எடை சொல்லும்போது 'லிப்ரா பொண்டோ' என்பார்கள். லிப்ரா என்பது தராசு, அதனால் ஓர் எடையின் பெயர். பொண்டோ என்றால் 'நிறையால்' என்று பொருள். இத்தாலியர் முதல் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், லிப்ரா லீரா ஆனது. 2002-இல் யூரோ வரும்வரை அதுவே அவர்கள் நாணயம். ஆங்கிலேயர் இரண்டாம் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், பொண்டோ பவுண்டு ஆனது. ஆனால் எழுதும்போது மட்டும் 'எல்' எழுத்தின் குறுக்கே கோடு போடுகிறார்கள், அது லிப்ராவின் முதலெழுத்து. வாயில் ஒரு சொல், பேனாவில் இன்னொரு சொல். வியாபாரிகள் பேச்சு உலகமெங்கும் இப்படித்தான் போலிருக்கிறது.

சிலர் இதைக் கேட்டதும், "அப்படியானால் பொண்டோவே நம் பொன்னிலிருந்து போயிருக்கலாமே" என்பார்கள். எனக்கும் ஆசை வந்தது. முசிறியில் யவனர் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிக்கொண்டு போனதை அகநானூற்று 149-ஆம் பாட்டு சொல்கிறது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசை உறிஞ்சிவிடுகிறது என்று 1-ஆம் நூற்றாண்டில் பிளினி அங்கலாய்த்திருக்கிறார். காசு போன வழியில் சொல்லும் போகக்கூடாதா? ஆனால் பொண்டோவுக்கு இலத்தீனிலேயே தாயும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தொங்கவிடுதல், நிறுத்தல் என்று பொருள்படும் ஒரு வினைச்சொல் அதன் தாய். தொங்கும் பதக்கமாகிய பெண்டன்ட், நிறுத்துக் கொடுத்த பென்ஷன் எல்லாம் அந்தக் குடும்பம். ரோமானியன் தங்கத்தை அவுரும் என்றான், பொண்டோ என்று சொன்னதில்லை. சொந்த வீட்டில் பெற்றோர் இருக்கும் பிள்ளையை நாம் தத்து எடுக்க முடியாது.

ஒலியா, ஒழுங்கா?

இங்கேதான் ஷெட்டர் கடை வாசலில் கற்ற பாடம் கைகொடுத்தது. இலத்தீனையும் இத்தாலியையும் ஆங்கிலத்தையும் அதேபோல மூன்று பத்தியாக எழுதிப் பாருங்கள். அப்பாவுக்கு இலத்தீன் பாட்டெர், இத்தாலி பாத்ரே, ஆங்கிலம் ஃபாதர். மீனுக்குப் பிஸ்கிஸ், பெஷ்ஷே, ஃபிஷ். காலுக்குப் பெஸ், பியேதே, ஃபுட். இலத்தீனின் பகரம் இத்தாலியில் நிற்கிறது, ஆங்கிலத்தில் ஃ கலந்த ஒலியாகிறது. மலையாளம் பகரத்தை வைத்துக்கொள்ள, கன்னடம் ஹகரமாக்கியதுபோலவே. 1822-இல் ஜெர்மானிய அறிஞர் ஜேக்கப் கிரிம் இந்த ஒழுங்கை விதியாக வகுத்துக் காட்டினார்.

அப்படியானால் பவுண்டு ஏன் ஃபவுண்டு ஆகவில்லை? பூஜை ஏன் ஹூஜை ஆகவில்லையோ, அதற்கு ஒப்பான காரணம்தான். அந்த மாற்றம் நடந்து முடிந்த பிறகு கடனாக வந்த சொல் அது. அதனால் பகரம் பிழைத்தது. கடன் சொல்லும் உறவுச் சொல்லும் இப்படித்தான் பிரிகின்றன. இரண்டு கண்டத்தில், இரண்டு மொழிக்குடும்பத்தில், ஒரே வகை ஒழுங்கு!

ஆகவே அடியேன் கண்ட முடிவு இது. ஒலி ஒத்திருப்பதாலேயே உறவு ஆகிவிடாது. ஒழுங்கு ஒத்திருந்தால் உறவு. பொன்னும் பவுனும் முகம் ஒன்றாக இருந்தும் அந்நியர். பொன்னும் ஹொன்னும் முகம் மாறியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இந்த எச்சரிக்கை எல்லாப் பக்கமும் செல்லும். கன்னடத்தில் ஹொன்னெ என்று ஒரு மரம் உண்டு, அது நம் புன்னை. ஆகையால் ஹொன் என்று தொடங்கும் ஊரையெல்லாம் பொன்னூர் என்று சொல்லிவிடவும் கூடாது. எங்கும் தமிழையே காண்பதில் நமக்கு ஆசை அதிகம். அந்த ஆசையில் பொய்யான உறவுகளைக் கொண்டாடிவிட்டு, பக்கத்து வீட்டில் இருக்கும் மெய்யான உறவைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். நானே இருபது வருடம் அதைத்தான் செய்தேன்.

பொன்னி கொடுத்த வெளிச்சம்

நம் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் மாரிகுப்பம் பக்கத்தில் மக்கள் மண்ணிலிருந்து தங்கம் எடுப்பதைப் பார்த்தார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து வேலையைப் பெரிதாக்கியது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கமிருந்து நம் முன்னோர் வந்து இறங்கினார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போயிற்று. 1902-இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். காவிரிக்கு நம் புலவர்கள் வைத்த இன்னொரு பெயர் பொன்னி. பொன்னியின் நீர்தான் பொன் எடுக்க வெளிச்சம் தந்தது. அதே ஆற்றை முன்னிட்டுத்தான் 1991-இல் நான் கடையைப் பாதி இறக்கினேன் என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. 120 வருடத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்த பூமி அது. எடுத்தவர்கள் வீட்டில் இருந்த பொன் எது என்று என் கடைக்குத் தெரியும். போனஸ் வந்தால் பித்தளைக் குடம், பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வெண்கலப் பானை, செம்பு அண்டா. சுரங்கம் மூடிய பிறகு அவையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, எடைக்குப் போட. நான் விற்ற பாத்திரத்தை நானே பழைய விலைக்கு வாங்கினேன். வாங்காமல் இருந்தால் வேறு கடைக்குப் போவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

2003-இல் ஒரு அம்மா கொண்டுவந்த குடத்தின் கழுத்தில் 'பொன்னம்மாள் 1979' என்று வெட்டியிருந்தது. வெட்டிய கை என்னுடையது. அப்போது எனக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை, 'ன்' புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கினேன். உருக்க அனுப்ப மனம் வரவில்லை. ஷெட்டர் பார்த்துவிட்டு விரலால் தடவி எழுத்துக் கூட்டினார். அதற்குள் அவர் தமிழ் எழுத்து கற்றிருந்தார், நானும் கன்னட எழுத்து கற்றிருந்தேன். "இது எங்க அம்மா பேரு" என்றார். அது அவர் அம்மா பெயர்தான். குடம் இன்றும் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

முடிவுரை

இன்று நம் பிள்ளைகள் விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் வீட்டுப் பேச்சாக மட்டும் நிற்கிறது. அவர்களுக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். கூடவே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் நம் சொல், வலப்பக்கம் அவர்கள் பள்ளியில் படிக்கும் சொல். ப வரும் இடத்தில் ஹ வருகிறதா என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த பிள்ளை தமிழையும் விடாது, பக்கத்து வீட்டுக்காரரையும் பகையாக நினைக்காது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் என்ற சமணத் துறவியைக் கொண்டு 'நன்னூல்' இலக்கணத்தைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் குலத்தவன். குவளாலபுரத்துக்கு உரியவன் என்று கல்வெட்டு அவனைச் சொல்கிறது. குவளாலபுரம் என்பது நம் கோலார். நாம் தமிழ் படிக்கும் இலக்கணத்துக்கு ஆதரவு தந்தவனும் இந்த மண்ணின் பெயரைத் தாங்கியவன்தான். வெளி மாநிலத்தில் இருக்கிறோம் என்று நாம் சொல்லும்போது இதையும் ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.